பழைய வொர்க்ஸ்டேஷனில் பிராசசர்களை மாற்றுவது எப்படி?

பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திய வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கழித்துவிடுவது வழக்கம். இவை செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் கடைகளுக்கு வந்து சேருகின்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இவற்றை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். கனமான கேபினட், தரமான பவர் சப்ளை, நிறைய மெமரி ஸ்லாட்டுகள் என எல்லாம் இருக்கும். விலையும் கையைக் கடிக்காது. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண அனிமேஷன், கட்டட வரைபடம் போன்ற வேலைகளுக்காக இப்படி ஒரு கம்ப்யூட்டரை வாங்கியவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான். "இதில் இன்னும் வேகமான பிராசசர் போடலாமா?"

போடலாம். ஆனால் கடையில் "இது அந்தப் போர்டில் உட்காரும் சார்" என்று சொன்னவுடன் பணத்தை எடுத்து நீட்டிவிடக் கூடாது. சாக்கெட்டில் உட்காருவது வேறு, வேலை செய்வது வேறு. இந்தக் கட்டுரையில் எச்.பி. நிறுவனத்தின் இசட்620 என்ற மாடலை உதாரணமாக எடுத்துக் கொண்டு, எதைப் பார்க்க வேண்டும், எப்படி மாற்ற வேண்டும், யாருக்கு இது தேவையே இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உங்களிடம் இருப்பது வேறு மாடலாக இருந்தாலும் கவலை இல்லை. பெயர்களும் எண்களும் மாறுமே தவிர முறை ஒன்றுதான்.

வொர்க்ஸ்டேஷன் என்றால் என்ன?

பார்ப்பதற்குச் சாதாரண டெஸ்க்டாப் போலவே இருக்கும். உள்ளே மட்டும் சர்வர் கம்ப்யூட்டரின் உறவுக்காரர். இசட்620 வெளிவந்த ஆண்டு 2012. இதில் இருப்பது இன்டெல் நிறுவனத்தின் ஜியான் இ5 வகை பிராசசர். மதர்போர்டில் ஒரு பிராசசர் இருக்கும். இரண்டாவது பிராசசர் வேண்டுமென்றால், அதற்கென்று உள்ள தனிப் பலகை ஒன்றை உள்ளே செருக வேண்டும். இதை ரைசர் என்று அழைப்பார்கள். மதர்போர்டில் 8 மெமரி ஸ்லாட்டுகளும், ரைசர் பலகையில் 4 ஸ்லாட்டுகளும் உண்டு.

இதே குடும்பத்தில் இசட்420 என்ற சிறிய மாடல் ஒரே ஒரு பிராசசரை மட்டும் ஏற்கும். இசட்820 என்ற பெரிய மாடலில் இரண்டு சாக்கெட்டுகளும் மதர்போர்டிலேயே இருக்கும். இந்த மூன்றிலும் இருப்பது எல்ஜிஏ 2011 என்ற சாக்கெட். பெயரில் உள்ள 2011 என்பது ஆண்டு அல்ல. அந்தச் சாக்கெட்டில் உள்ள தொடர்பு முனைகளின் எண்ணிக்கை.

பிராசசர் பெயரைப் படிப்பது எப்படி?

இ5-2670 வி2 என்று ஒரு பெயர் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். இதில் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண் மிக முக்கியம். அது 1 என்றால் அந்தப் பிராசசர் தனியாக மட்டுமே வேலை செய்யும். 2 என்றால் இரண்டு பிராசசர்களைச் சேர்த்துப் போடலாம். 4 என்றால் நான்கு வரை சேர்க்கலாம். அடுத்த எண் சாக்கெட்டின் வகையைக் காட்டும். கடைசி இரண்டு எண்கள் அந்த வரிசையில் அதன் இடத்தைக் காட்டும்.

கடைசியில் வி2 என்று இருந்தால் அது இரண்டாம் தலைமுறை. எதுவும் இல்லாவிட்டால் முதல் தலைமுறை. முதல் தலைமுறை 2012ஆம் ஆண்டிலும், இரண்டாம் தலைமுறை 2013ஆம் ஆண்டிலும் வந்தவை. வி3, வி4 என்று பெயர் முடிந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அவற்றின் சாக்கெட்டும் 2011 என்றே சொல்லப்பட்டாலும் அமைப்பு வேறு. இசட்620-ல் அவை உட்காரவே உட்காரா. மெமரியும் டிடிஆர்4 ஆகிவிடும். இசட்620-ல் இருப்பதோ டிடிஆர்3.

இசட்620 வாங்கியவர்கள் பலருக்கு உள்ளே இ5-1620 இருக்கும். இது 4 கோர் கொண்டது. இதைப் போலவே இன்னொரு 1620 வாங்கி ரைசரில் போட்டால் கம்ப்யூட்டர் எட்டு கோர் ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். முதல் எண் 1 என்பதால் அது ஜோடி சேராது. இரண்டு பிராசசர் வேண்டுமானால் பழையதை எடுத்துவிட்டு, 26 என்று தொடங்கும் ஒரே மாடலில் இரண்டு வாங்க வேண்டும்.

முதலில் பூட் பிளாக் தேதியைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக் கொள்வதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும். இசட்420, இசட்620, இசட்820 மூன்றிலும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும் இரண்டு வகை மதர்போர்டுகள் உண்டு. ஒரு வகை முதல் தலைமுறை பிராசசரை மட்டுமே ஏற்கும். இன்னொரு வகை இரண்டு தலைமுறைகளையும் ஏற்கும்.

எது உங்களுடையது என்று எப்படித் தெரிந்து கொள்வது? கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எஃப்10 கீயை விட்டு விட்டு அழுத்துங்கள். செட்டப் திரை வரும். ஃபைல் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பூட் பிளாக் டேட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 2011ஆம் ஆண்டுத் தேதி இருந்தால் உங்கள் போர்டு முதல் தலைமுறைக்கு மட்டும்தான். 2013 மார்ச் மாதத் தேதி இருந்தால் வி2 பிராசசரும் போடலாம்.

"பயாஸை அப்டேட் செய்தால் இந்தத் தேதி மாறிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். மாறாது. பூட் பிளாக் என்பது பயாஸ் சிப்பில் எழுதிப் பூட்டப்பட்ட சிறு பகுதி. கம்ப்யூட்டருக்கு உயிர் வரும்போது முதலில் ஓடுவது அதுதான். வழக்கமான பயாஸ் அப்டேட் இந்தப் பகுதியைத் தொடுவதில்லை. எனவே பயாஸ் எவ்வளவு புதியதாக இருந்தாலும், பூட் பிளாக் 2011 என்றால் வி2 பிராசசரைப் போட்டதும் திரை கறுப்பாகவே நிற்கும். பிராசசர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை. இரண்டு பிராசசர்களுக்குக் கொடுத்த பணம் இந்த ஒரு வரியைப் பார்க்காததால் வீணாகலாம். பார்ப்பதற்கு ஆகும் நேரமோ ஒரு நிமிடம்.

வேறு நிறுவன மாடல் வைத்திருப்பவர்கள், பழைய இசட்600, இசட்800, டெல் பிரிசிஷன் டி5500 போன்றவற்றை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இதில் பாடம் உண்டு. இவற்றில் எல்ஜிஏ 1366 சாக்கெட்டும் 5500, 5600 வரிசை ஜியான்களும் இருக்கும். சாக்கெட் ஒன்று என்பதை மட்டும் நம்பாமல், உங்கள் போர்டின் ரிவிஷன் எண்ணையும் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள பிராசசர் பட்டியலையும் பார்த்த பிறகே வாங்குங்கள்.

எந்தப் பிராசசர் வாங்கலாம்?

முதல் தலைமுறையில் பலரும் தேடுபவை இவை:

* இ5-2670: 8 கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.3, மின்தேவை 115 வாட்.
* இ5-2690: 8 கோர், 2.9 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.8, மின்தேவை 135 வாட்.
* இ5-1650: 6 கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.8, மின்தேவை 130 வாட். தனியாக மட்டும் போடலாம்.

இரண்டாம் தலைமுறையில்:

* இ5-2650 வி2: 8 கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ், மின்தேவை 95 வாட்.
* இ5-2680 வி2: 10 கோர், 2.8 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.6, மின்தேவை 115 வாட்.
* இ5-2667 வி2: 8 கோர், 3.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.0, மின்தேவை 130 வாட்.
* இ5-2697 வி2: 12 கோர், 2.7 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.5, மின்தேவை 130 வாட்.

பெயரின் கடைசியில் டபிள்யூ என்ற எழுத்து உள்ள 2687டபிள்யூ என்ற பிராசசர் 150 வாட் வெப்பம் தரும். இதன் ஆசையைத் தவிர்ப்பது நல்லது. இசட்620-ன் கேபினட் சிறியது. உள்ளே காற்று சுற்றும் இடம் குறைவு.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். உங்களிடம் உள்ள 1620-ன் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். டர்போவில் 3.8 வரை போகும். நீங்கள் வாங்க நினைக்கும் 2670 டர்போவிலேயே 3.3 தான். அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் பயன்படுத்தும் வேலைகளில், இரண்டு பிராசசர் போட்ட பிறகு கம்ப்யூட்டர் முன்பை விடச் சற்று மெதுவாகவே ஓடும்! பணம் செலவு செய்து வேகத்தைக் குறைத்துக் கொண்ட கதையாகிவிடும். எனவே வாங்குவதற்கு முன் உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும்.

கோர் கூடினால் வேகம் கூடுமா?

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். காய்கறி நறுக்க ஒருவருக்குப் பதில் நால்வர் உட்கார்ந்தால் வேலை கால் பங்கு நேரத்தில் முடியும். ஆனால் அண்டாவில் சாம்பார் கொதிக்க வேண்டிய நேரம், சமையல்காரர் எத்தனை பேர் நின்றாலும் குறையாது. கம்ப்யூட்டர் வேலையும் இப்படித்தான். பங்கு போட முடிந்த பகுதி ஒன்று, பங்கு போட முடியாத பகுதி ஒன்று. 1967ஆம் ஆண்டு ஜீன் அம்டால் என்ற கம்ப்யூட்டர் வல்லுநர் முன்வைத்த கருத்து இது. அம்டால் விதி என்றே இதற்குப் பெயர்.

ஒரே கோரில் 60 நிமிடம் ஆகும் ஒரு வேலையை எடுத்துக் கொள்வோம். அதில் 54 நிமிட வேலையைப் பங்கு போடலாம், 6 நிமிட வேலையைப் பங்கு போட முடியாது என்றால், 4 கோரில் 19.5 நிமிடம் ஆகும். 16 கோரில் சுமார் 9.4 நிமிடம் ஆகும். பாதிக்கும் மேல் நேரம் மிச்சம். இதே 60 நிமிட வேலையில் பாதியை மட்டுமே பங்கு போட முடியும் என்றால், 4 கோரில் 37.5 நிமிடம், 16 கோரில் சுமார் 32 நிமிடம். நான்கு மடங்கு கோர் போட்டும் மிச்சமானது ஐந்தரை நிமிடம்தான்.

பிளெண்டரில் படங்களை ரெண்டர் செய்வது, நீளமான வீடியோவை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றுவது, பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்வது, ஒரே கம்ப்யூட்டரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவது ஆகியவை முதல் வகை. இவற்றுக்கு இரண்டு பிராசசர் நல்ல முதலீடு. இன்டர்நெட் பார்ப்பது, கடிதம் டைப் செய்வது, கணக்குப் போடுவது, பெரும்பாலான கேம்கள் ஆகியவை இரண்டாவது வகை. இவற்றுக்குக் கோர் எண்ணிக்கையை விட ஒவ்வொரு கோரின் வேகம்தான் முக்கியம். இந்த வேலைகளுக்கு 1650 அல்லது 2667 வி2 போன்ற ஒரே ஒரு வேகமான பிராசசர் போதும். ரைசர் வாங்கும் செலவும் மிச்சம்.

உங்கள் வேலை எந்த வகை என்று சந்தேகமா? விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்களைத் தனித்தனியாகக் காட்டச் செய்யுங்கள். பிறகு உங்கள் வழக்கமான வேலையை ஓட்டுங்கள். எல்லாக் கட்டங்களும் மேலே போய் முட்டினால் கோர் போதவில்லை என்று அர்த்தம். ஒன்றிரண்டு கட்டம் மட்டும் முட்டினால் கூடுதல் கோர்கள் சும்மாதான் இருக்கும். எதுவுமே முட்டாமல் கம்ப்யூட்டர் திணறினால் குறை பிராசசரில் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள், மெமரியைக் கூட்டுங்கள். குறைந்த செலவில் அதிக மாற்றம் தெரிவது இதில்தான்.

வாங்குவதற்கு முன் இன்னும் சில விஷயங்கள்

1. விண்டோஸ் பதிப்பு: விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரே ஒரு பிராசசரை மட்டுமே பயன்படுத்தும். இரண்டாவதை வாங்கிப் போட்டாலும் அது தூங்கிக் கொண்டிருக்கும். இரண்டும் வேலை செய்ய புரோ பதிப்பு வேண்டும். லினக்ஸில் இந்தத் தடை இல்லை.

2. விண்டோஸ் 11: இந்தத் தலைமுறை ஜியான்கள் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பிராசசரை மாற்றுவதால் இந்த நிலை மாறாது. இன்டர்நெட்டில் இணைந்து நீண்ட நாள் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் பற்றி இப்போதே யோசியுங்கள்.

3. சாஃப்ட்வேர்: ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இந்த இரண்டு தலைமுறைகளிலும் இல்லை. சில புதிய சாஃப்ட்வேர்கள் இதைக் கட்டாயமாகக் கேட்கும். உங்கள் முக்கிய சாஃப்ட்வேர் இதைக் கேட்கிறதா என்று அதன் சிஸ்டம் ரெக்வயர்மென்ட் பகுதியில் பாருங்கள்.

4. மெமரி: ஒவ்வொரு பிராசசரும் தனக்கு அருகில் உள்ள மெமரியை நேரடியாகப் பயன்படுத்தும். ரைசரில் மெமரியே போடாமல் விட்டால் இரண்டாவது பிராசசர் எல்லாவற்றுக்கும் முதல் பிராசசரிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு பிராசசருக்கும் நான்கு மெமரி பாதைகள் உண்டு. எனவே இரண்டு பக்கமும் நான்கு நான்காக, ஒரே அளவில் போடுவது சிறந்தது. ரிஜிஸ்டர்டு மெமரியையும் அன்பஃபர்டு மெமரியையும் கலக்கக் கூடாது.

5. எழுத்துக் குறி: பிராசசரின் உலோக மூடியில் எஸ்ஆர் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி இருக்கும். இரண்டு பிராசசரிலும் இது ஒன்றாக இருக்கட்டும். உதாரணமாக 2670-ல் எஸ்ஆர்0எச்8 என்பது முந்தைய தயாரிப்பு. எஸ்ஆர்0கேஎக்ஸ் என்பது திருத்தப்பட்ட தயாரிப்பு. மூடியில் "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்று அச்சிட்டிருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த மாதிரி. விலை குறைவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

6. ரைசர்: ரைசர் பலகையை வாங்கும்போது அதற்குரிய ஹீட் சிங்க்கும் ஃபேனும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். மதர்போர்டில் உள்ள ஹீட் சிங்க் வேறு, ரைசரில் உள்ளது வேறு. பலகையை மட்டும் வாங்கிவிட்டு ஹீட் சிங்க்குக்கு அலைபவர்கள் உண்டு.

7. யுபிஎஸ்: இசட்620-ன் பவர் சப்ளை 800 வாட் என்பதால் உள்ளே பிரச்சினை இல்லை. ஆனால் வீட்டில் உள்ள 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். 115 வாட் பிராசசர் இரண்டு சேர்ந்தாலே 230 வாட். கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் கரன்ட் போன அந்த நொடியில் யுபிஎஸ்ஸும் கைவிட்டுவிடும். மின் கட்டணமும் கொஞ்சம் கூடும். கூடுதலாக ஒரு 115 வாட் பிராசசர் தினமும் 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் மாதம் 13.8 யூனிட்.

தேவையான பொருட்கள்

நல்ல ஸ்குரூ டிரைவர் செட், தெர்மல் பேஸ்ட், ஐசோபுரொபைல் ஆல்கஹால், பிசிர் உதிராத பருத்தித் துணி, ஒரு டார்ச் லைட். இவ்வளவுதான். துணியை விரித்த மரமேசை ஒன்றும் வேண்டும். ஃபேன் காற்று அடிக்காத, குழந்தைகள் ஓடாத அறையாக இருக்கட்டும்.

முதலில் பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைக் கடைசிப் பதிப்புக்கு அப்டேட் செய்துவிடுங்கள். எச்.பி. தளத்தில் உங்கள் மாடலுக்கான ஃபைலை இறக்கி, யுஎஸ்பி டிரைவில் போட்டு, எஃப்10 செட்டப்பில் ஃப்ளாஷ் சிஸ்டம் ராம் என்பதைப் பயன்படுத்தலாம். இது முடியும் வரை கரன்ட் போகக் கூடாது. முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு டிரைவில் காப்பி எடுத்துக் கொள்ளுங்கள்.

மாற்றும் முறை

1. கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஷட் டவுன் செய்யுங்கள். உள்ளே உள்ள பழைய தெர்மல் பேஸ்ட் சற்று இளகியிருக்கும்.

2. பவர் கார்டைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியுள்ள மின்சாரம் வெளியேறிவிடும்.

3. பக்கவாட்டு மூடியைத் திறங்கள். கேபினட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். உடலில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும். வேலைக்கு நடுவே எழுந்து போய் வந்தால் மீண்டும் தொடுங்கள். நைலான், பாலியஸ்டர் துணிகளைத் தவிர்த்துப் பருத்தி உடுத்துவது நல்லது.

4. எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்ற குழப்பம் பிறகு வராது. ரைசர் பலகை ஏற்கெனவே இருந்தால் அதையும், காற்றுக்கு வழி காட்டும் பிளாஸ்டிக் மூடியையும் எடுங்கள்.

5. ஹீட் சிங்க்கின் ஃபேன் ஒயரைக் கழற்றுங்கள். நான்கு ஸ்குரூக்களையும் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகக் கழற்றினால் பலகை வளையும். பிறகு ஹீட் சிங்க்கை இடமும் வலமும் இலேசாகத் திருகி, ஒட்டு விட்ட பிறகு நேராக மேலே தூக்குங்கள்.

6. சாக்கெட்டின் இரு பக்கமும் இரண்டு லீவர்கள் இருக்கும். அருகிலேயே எதை முதலில் திறப்பது என்று பூட்டுப் படம் போட்டிருக்கும். அந்த வரிசையில் திறங்கள். மூடும்போது இதற்கு நேர் எதிர் வரிசை.

7. பழைய பிராசசரை இரு ஓரங்களிலும் பிடித்து நேராகத் தூக்குங்கள். இனிமேல்தான் மிகுந்த கவனம் வேண்டும். இந்த வகையில் ஊசிகள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. முடி போன்ற மெல்லிய ஊசிகள் 2011. விரலோ துணியோ ஸ்குரூ டிரைவரோ அதில் படக் கூடாது. ஒரு ஊசி வளைந்தாலும் ஒரு மெமரி ஸ்லாட் காணாமல் போகலாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகாமலே போகலாம். பிராசசர் போனால் இன்னொன்று வாங்கலாம். சாக்கெட் போனால் மதர்போர்டே போனது போலத்தான்.

8. புதிய பிராசசரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும். ஓரங்களில் சிறு வெட்டுகளும் இருக்கும். சாக்கெட்டில் உள்ள அடையாளத்தோடு பொருத்தி, நேர் கீழே மெதுவாக வையுங்கள். அழுத்தவே கூடாது. சரியாக உட்கார்ந்தால் ஆடாமல் நிற்கும். பிறகு லீவர்களை மூடுங்கள். மூடும்போது சற்று இறுக்கமாக இருப்பது இயல்பு.

9. ஹீட் சிங்க்கின் அடிப்பாகத்தையும் பிராசசரின் மேல் மூடியையும் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிராசசரின் நடுவே ஒரு பட்டாணி அளவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தெர்மல் பேஸ்ட் வையுங்கள். இதன் மூடி சாதாரண பிராசசரை விடப் பெரியது. அதற்காக வெண்ணெய் பூசுவது போலப் பூச வேண்டாம்.

10. ஹீட் சிங்க்கை நேராக இறக்கி, ஸ்குரூக்களைக் குறுக்குக் குறுக்காக முடுக்குங்கள். ஃபேன் ஒயரை மறக்காமல் செருகுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டையும் போடாதீர்கள். முதலில் மதர்போர்டில் ஒரு பிராசசரை மட்டும் போட்டு ஆன் செய்து பாருங்கள். அது ஓடினால் அதே இடத்தில் இரண்டாவதையும் போட்டுச் சோதியுங்கள். இரண்டும் நல்லவை என்று தெரிந்த பிறகு ரைசரைச் செருகுங்கள். இதற்குக் கொஞ்சம் நேரமும் தெர்மல் பேஸ்ட்டும் கூடுதலாகச் செலவாகும். ஆனால் பிரச்சினை வந்தால் குற்றவாளி பிராசசரா, ரைசரா என்று உடனே தெரிந்துவிடும். கடையில் மாற்றித் தரும் நாட்கள் முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

ஆன் ஆகவில்லையா?

முதல் முறை ஆன் செய்யும்போது திரையில் படம் வர வழக்கத்தை விடக் கூடுதல் நேரம் ஆகலாம். புதிய பிராசசரையும் மெமரியையும் கம்ப்யூட்டர் சரிபார்க்கிறது. பதறி உடனே ஆஃப் செய்ய வேண்டாம். இரண்டு நிமிடம் பொறுங்கள்.

பவர் பட்டன் விளக்கு சிவப்பாக விட்டு விட்டு எரிந்து, பீப் ஒலியும் வந்தால் எண்ணிப் பாருங்கள். இரண்டு முறை என்றால் சூடு அதிகம், ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை. மூன்று முறை என்றால் பிராசசரே தெரியவில்லை. ஐந்து முறை என்றால் மெமரிக் கோளாறு. ஆறு முறை என்றால் கிராஃபிக்ஸ் கார்டைச் சரியாகச் செருகவில்லை. எதுவும் புரியவில்லை என்றால் பவர் கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் உள்ள சீமாஸ் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி, ஒரே ஒரு மெமரியோடு மீண்டும் முயலுங்கள்.

சரியாக வேலை செய்கிறதா?

ஓடத் தொடங்கியதும் டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். இரண்டு 2670 போட்டிருந்தால் சாக்கெட் 2, கோர் 16, லாஜிக்கல் பிராசசர் 32 என்று காட்ட வேண்டும். மெமரி முழுவதும் தெரிகிறதா என்றும் பாருங்கள். நீங்கள் போட்டதில் ஒன்று குறைந்தால் அந்த மெமரியை வேறு ஸ்லாட்டில் மாற்றிப் பாருங்கள். மெமரி நல்லது, ஸ்லாட்டில்தான் குறை என்றால் ஹீட் சிங்க்கின் இறுக்கம் சமமாக இல்லையா, சாக்கெட் ஊசி வளைந்துள்ளதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து வெப்பச் சோதனை. பிரைம்95 போன்ற இலவச சாஃப்ட்வேரை அரை மணி நேரம் ஓட்டி, வெப்பநிலையைக் காட்டும் சாஃப்ட்வேரில் கவனியுங்கள். 70 டிகிரியை ஒட்டி நின்றால் நிம்மதி. 85 டிகிரியைத் தாண்டி ஏறிக் கொண்டே போனால் நிறுத்திவிட்டு, ஹீட் சிங்க்கைக் கழற்றிப் பேஸ்ட்டை மீண்டும் வையுங்கள். பிளாஸ்டிக் மூடியைப் போட மறந்தாலும் வெப்பம் ஏறும். நம் ஊர் மே மாதத்தையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். டிசம்பரில் 75 காட்டியது கோடையில் அங்கேயே நிற்காது.

பழைய பிராசசரைத் தூக்கி எறியாமல், அது இருந்த பெட்டியிலோ நிலை மின்சாரம் தாக்காத பையிலோ பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் ஏதாவது கோளாறு வந்தால், குறை எங்கே என்று கண்டுபிடிக்க ஏற்கெனவே ஓடிய அந்தப் பிராசசரைப் போல உதவுவது வேறில்லை.

முடிவாக ஒன்று. டாஸ்க் மேனேஜர் கட்டங்கள் எல்லாம் முட்டுகின்றன, பூட் பிளாக் தேதி பொருந்துகிறது, விண்டோஸ் பதிப்பு ஏற்கிறது. இந்த மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் கிடைத்தால் தயங்காமல் இறங்கலாம். ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தாலும் அந்தப் பணத்தில் எஸ்எஸ்டியும் மெமரியும் வாங்குங்கள். ஒரு விடுமுறை நாளின் பகல் வெளிச்சத்தில், அவசரம் இல்லாமல் செய்தால் பிராசசர் மாற்றுவது யாருக்கும் கைவரும் வேலைதான்.